பாஷை தெரியாத ஊருக்குப் புறப்படும் முன்

(எங்கள் கிளையின் மூத்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேசியவரே எழுதிக் கொடுத்த வடிவம்.)



போன கூட்டம் முடிந்து காபி சாப்பிடும்போது நம் அங்கத்தினர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். "பெண்ணுக்குப் பிரசவம். ரெண்டு பேருமா ஜெர்மனிக்குப் போறோம். எனக்காவது இங்கிலீஷ் இருக்கு, ஆத்துல அதுவும் கிடையாது. என்ன ஓய் பண்றது?" என்றார். நான் இரண்டு தடவை ஜப்பானுக்குப் போய்வந்தவன் என்பதால் செயலாளர் என்னைக் கைகாட்டிவிட்டார். பத்து நிமிஷத்தில் பேசி முடிக்கவேண்டும் என்பது அவர் உத்தரவு. நான் முப்பத்தாறு வருஷம் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவன். பத்து நிமிஷத்தில் எதையும் முடித்துப் பழக்கமில்லை. சபையோர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒன்று சொல்லவேண்டும். பாஷை தெரியாத ஊருக்குப் போவது நமக்குப் புதிதல்ல. இந்தச் சங்கத்தில் இருக்கும் என் வயதுக்காரர்கள் அத்தனை பேரும் ஒரு டிரங்குப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாக, போர்டு படிக்கத் தெரியாத ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறங்கியவர்கள்தாம். நான் 1974ல் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி பட்டத்துடன் அகமதாபாத்தில் இறங்கினேன். ஹிந்தியும் தெரியாது, குஜராத்தியும் தெரியாது. டவுன் பஸ்ஸில் நம்பர்கூட குஜராத்தி இலக்கத்தில் இருக்கும். அவர்களுடைய 1 நம் கண்ணுக்கு 9 போலத் தெரியும். முதல் நாள் 9 என்று நினைத்து நான் ஏறிய பஸ் 1. ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை.

அன்று ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து பத்து இலக்கங்களையும் எழுதிப் பார்த்தேன். ஒரு மணி நேர வேலை. மறுநாளிலிருந்து பஸ் பிரச்னை தீர்ந்தது. பாஷை வர இரண்டு வருஷம் ஆயிற்று. ஆனால் வயிற்றுப்பாட்டுக்கு அன்று வேண்டியிருந்தது பாஷை அல்ல, பத்து இலக்கம். இது நான் கற்ற முதல் பாடம். இதை நாற்பது வருஷம் கழித்து ஜப்பானில் மறந்துபோனேன் என்பதுதான் வேடிக்கை.

ஓசாகாவில் ஒரு மத்தியானம்

எங்கள் பெண்ணும் மாப்பிள்ளையும் ஓசாகா நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். 2014ல் முதல் தடவை போனோம். தயாரிப்பு என்று நான் செய்தது இரண்டு கிலோ சாம்பார்ப் பொடியும் ஒரு டிக்கெட்டும். "பெண் இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள். எனக்கு இங்கிலீஷ் இருக்கிறது" என்று மனசுக்குள் தைரியம்.

ஒரு நாள் பெண்ணும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போனபின் நாங்கள் இருவர் மட்டும் ஊர் சுற்றப் புறப்பட்டோம். மத்தியானம் சாப்பாட்டுக்கு ஹோட்டல் தேடினோம். நூடுல்ஸ் கடையில் படத்தைக் காட்டி "வெஜிடேரியன்?" என்றேன். அந்தப் பையன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். பெண் முன்பே எச்சரித்திருந்தாள். அந்த ஊரில் சூப்பு, குழம்பு எல்லாவற்றுக்கும் அடிப்படை 'தாஷி' என்று ஒரு சாறு. பெரும்பாலும் கட்சுவோ என்ற மீனைக் காயவைத்துச் சீவி, கொதிநீரில் இறக்கி எடுப்பது. தட்டில் மீன் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் குழம்பே மீன்தான். அந்தப் பையனிடம் இதை எப்படிக் கேட்பது? கேட்கத் தெரியாமல் எழுந்து வந்துவிட்டோம். அடுத்த கடை, அதற்கடுத்த கடை என்று ஒன்றரை மணி நேரம் நடந்தோம்.

என் மனைவிக்கு அப்போதே பதினைந்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு இட்லியோடு கிளம்பியவள். ஒரு சந்தின் முனையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏன்னா, என்னமோ மாதிரி வரது" என்றாள். முகமெல்லாம் வேர்வை, கை நடுங்குகிறது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று எனக்கு உடனே புரிந்தது. பையில் ஒரு மிட்டாய்கூட இல்லை.

எதிரே தானியங்கி இயந்திரம் இருந்தது. அந்த ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. ஓடிப்போய்க் காசு போட்டு, பழுப்பு நிறத்தில் டீ மாதிரி இருந்த பாட்டிலை எடுத்துவந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இனிப்பே இல்லைன்னா" என்றாள். அது பார்லி அரிசியை வறுத்துப் போட்ட தண்ணீர். அங்கே பாட்டிலில் விற்கும் பச்சை டீ, பார்லி டீ இதெல்லாம் பெரும்பாலும் சர்க்கரை இல்லாதவை. சாயந்திரம் பெண் சொல்லித்தான் தெரியும். சர்க்கரை இல்லை என்று பாட்டிலின் மேலேயே எழுதியிருந்திருக்கலாம். எனக்குப் படிக்கத் தெரிந்தால்தானே?

மறுபடி இயந்திரத்துக்கு ஓடினேன். எதை அழுத்துவது? முப்பது பாட்டில், ஒன்றிலும் எனக்குப் புரிகிற எழுத்து இல்லை. நான் தவிப்பதைப் பார்த்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒரு பாட்டி நின்றார். என் வயதுதான் இருக்கும். "சுகர், சுகர்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஆனால் என் மனைவியின் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, கைப்பையைத் திறந்து ஒரு பிடி மிட்டாயை எடுத்து அவள் கையில் வைத்து, உறையைப் பிரித்தும் கொடுத்தார். ஓசாகாப் பாட்டிமார்கள் பையில் எப்போதும் மிட்டாய் வைத்திருப்பது அந்த ஊரில் பிரசித்தமான விஷயமாம். குழந்தையைக் கூப்பிடுவதுபோல் 'அமே-ச்சான்' என்று அதற்குச் செல்லப் பெயர் வேறு. 'மிட்டாய்க் குட்டி' என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் மணியில் என் மனைவிக்கு முகம் தெளிந்தது. அந்தப் பாட்டிக்குப் பெயர்கூடக் கேட்கவில்லை. கேட்கவும் தெரியவில்லை.

ராத்திரி சாப்பிட்டபின் என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள். இந்த உரை முழுவதும் அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான். "எனக்கு வந்தது, நீங்க ஓடினேள். உங்களுக்கு வந்திருந்தா? நான் யார்கிட்ட என்னன்னு கேட்டிருப்பேன்? பொண்ணோட போன் நம்பர்கூட உங்க போன்லதானே இருக்கு?"

எனக்குப் பதில் இல்லை. விலாசம் என் சட்டைப்பையில். போன் என் கையில். இங்கிலீஷ் என் வாயில். அவள் பையில் இருந்தது ஒரு கைக்குட்டையும் ஸ்லோகப் புத்தகமும்.

சபையோரே, நாம் பிரயாணத்துக்குத் தயார் செய்கிறோம் என்றால், வீட்டில் யாருக்கு எல்லாம் தெரியுமோ அவர் தயாராகிறார். அது தயாரிப்பே அல்ல. இருவரில் யாருக்குக் குறைவாகத் தெரியுமோ, அவர் தனியாக நின்றாலும் சமாளிக்கவேண்டும். அதுதான் தயாரிப்பு.

வீட்டிலேயே ஒத்திகை

2024ல் இரண்டாவது தடவை போக முடிவானதும், ஆறு மாசம் முன்னாலேயே ஆரம்பித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஒரு விளையாட்டு வைத்தோம். ஒரு மணி நேரம் இருவரும் வாயைத் திறக்கக்கூடாது. வேண்டியதைச் சைகையால் கேட்கவேண்டும். தண்ணீர், காபி, கடைக்குப் போகவேண்டும், தலைவலி எல்லாம் சைகையில் வந்தன. "எனக்குச் சர்க்கரை இறங்குகிறது, இனிப்பு வேண்டும்" என்று அவள் காட்டியபோது நான் தைலம் கொண்டுவந்து கொடுத்தேன். நாற்பத்தைந்து வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியவனுக்கே புரியவில்லை. வேற்று நாட்டுக்காரனுக்கு எப்படிப் புரியும்?

நீங்களும் இந்த விளையாட்டை ஆடிப் பாருங்கள். எதெல்லாம் சைகையில் வருகிறதோ அதைப் பற்றிக் கவலை வேண்டாம். எது வரவில்லையோ அது எழுத்தில் இருக்கவேண்டும், அதுவும் அந்த ஊர் எழுத்தில். நாம் அந்தப் பாஷையைப் படிக்கவேண்டியதில்லை. அவர்கள் நம் விஷயத்தைப் படித்தால் போதும்.

எங்கள் கணக்கில் நான்கு விஷயங்கள் தேறின. நான்குக்கும் நான்கு சீட்டு. விசிட்டிங் கார்டைவிடச் சற்றுப் பெரியது. மேலே ஜப்பானிய எழுத்து, கீழே இங்கிலீஷ், அதற்கும் கீழே தமிழ். தமிழ் எதற்கு என்றால், எந்தச் சீட்டை நீட்டுகிறோம் என்று நமக்குத் தெரியவேண்டுமே.

நான்கு சீட்டு

முதல் சீட்டு, விலாசம். ஜப்பானில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது. மாகாணம், நகரம், பேட்டை, வட்டாரம், மனைத்தொகுதி, வீடு என்று பெரியதிலிருந்து சிறியதற்கு எண்ணாக இறங்கிவரும். வாயால் சொன்னால் யாருக்கும் புரியாது. எழுதிக் காட்டினால் டாக்ஸிக்காரர் மறுபேச்சில்லாமல் கொண்டுவிடுவார். ஹோட்டலில் தங்கினால் வரவேற்பு மேஜையில் அவர்கள் கார்டு இரண்டு வாங்கி ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்ஸிக் கதவு தானே திறந்து தானே மூடும். நாம் பிடித்து இழுக்கவேண்டாம்.

இரண்டாவது சீட்டு, உதவி. "எனக்கு ஜப்பானிய பாஷை தெரியாது. நான் இன்ன ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் என் பெண் வீட்டில் தங்கியிருக்கிறேன். தயவுசெய்து இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள்." அவ்வளவுதான். நம்பரைப் பெரிதாக எழுதவேண்டும். அடியில் பயணக் காப்பீட்டு நம்பர். அந்தக் காப்பீட்டில் ஏற்கெனவே இருக்கும் வியாதி சேருமா சேராதா என்று பணம் கட்டுமுன் படித்துவிடுங்கள். பல பாலிசிகளில் சேராது.

மூன்றாவது சீட்டு, உடம்பு. என்ன வியாதி, என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, இரத்தப் பிரிவு என்ன. இதில் ஒரு முக்கியமான விஷயம். மாத்திரையின் கம்பெனிப் பெயரை எழுதாதீர்கள். நம் ஊர்க் கம்பெனிப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை எழுதுங்கள். மெட்ஃபார்மின் எங்கே போனாலும் மெட்ஃபார்மின்தான். ஆனால் நம்முடைய பாராசிட்டமால் ஜப்பானில் அசிட்டமினோஃபென். இரண்டும் ஒரே பொருள். கெமிஸ்ட்ரி படித்த எனக்கே ஒரு நிமிஷம் பிடித்தது.

அந்தச் சீட்டைப் பெண் எழுதித் தந்தபோது ஒரு சந்தோஷம். சர்க்கரை வியாதிக்கு ஜப்பானில் 'தோ-ந்யோ-ப்யோ' என்று பெயர். தோ என்றால் சர்க்கரை, ந்யோ என்றால் மூத்திரம், ப்யோ என்றால் வியாதி. நம் வைத்தியர்கள் மதுமேகம் என்றார்களே, அதே கருத்து. சர்க்கரை இறங்குவதற்கு 'தேய்-கெத்-தோ'. இந்த ஒரு வார்த்தையை என் மனைவி ராகம் போட்டு மனப்பாடம் செய்தாள். சீட்டோடு கூடவே பையில் சர்க்கரை வில்லைகள். சுய நினைவோடு இருப்பவருக்கு 15 கிராம் சர்க்கரை கொடுத்து 15 நிமிஷம் பார்ப்பது என்று டாக்டர்கள் சொல்லும் கணக்கு. மூன்று டீஸ்பூன் சர்க்கரை என்று வைத்துக்கொள்ளலாம்.

நான்காவது சீட்டு, சாப்பாடு. "நாங்கள் வெஜிடேரியன்" என்று எழுதினால் பிரயோசனமில்லை. மாமிசம் தெரியாமல் இருந்தால் போதும் என்று பலர் அர்த்தம் செய்துகொள்கிறார்கள். எதெல்லாம் கூடாது என்று பட்டியல் போடவேண்டும். "மாமிசம், கோழி, மீன், இறால், நண்டு, முட்டை, மீனில் செய்த தாஷி கூடாது. கொம்பு என்ற கடற்பாசியில் செய்த தாஷி கூடும். சாதம், தோஃபு, காய்கறி, பால் கூடும். எங்களுக்கு ஏற்றது ஏதாவது இருக்கிறதா?" இப்படி இருந்தது எங்கள் சீட்டு. பரிசாரகர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு சமையற்கட்டுக்குப் போவார். திரும்பி வந்து இரண்டு கையையும் மார்புக்கு முன் பெருக்கல் குறிபோல் வைத்துக் காட்டினால் "இல்லை" என்று பொருள். அது அவமரியாதை அல்ல. தெளிவான பதில். கும்பிட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.

மாமிகள் கவனத்துக்கு ஒன்று. அந்த ஊரில் 'ஷோஜின் ரியோரி' என்று பௌத்த மடங்களின் சமையல் உண்டு. மாமிசம், மீன் கிடையாது. வெங்காயம், பூண்டு வகைகளும் விலக்கு. கோயா மலை மடங்களில் தங்கினால் இந்தச் சாப்பாடு கிடைக்கும். முன்பதிவு செய்யும்போதே தாஷி பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த நான்கு சீட்டிலும் இரண்டு பிரதி. ஒன்று என் பையில், ஒன்று அவள் பையில். கைப்பேசியில் மட்டும் வைத்துக்கொண்டால் போதாதா என்று பின்வரிசை கேட்பது எனக்குக் கேட்கிறது. மொழிபெயர்ப்புச் செயலி நல்ல உபகாரம்தான். கேமராவைக் காட்டினால் பாட்டிலில் இருப்பதைப் படித்துச் சொல்கிறது. ஜப்பானிய பாஷையை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓரளவு வேலை செய்யும். ஆனால் சுவரில் கையால் கிறுக்கின மெனுவில் தடுமாறும். பாட்டரி தீர்ந்தால் அதுவும் ஊமை. கை நடுங்கும்போது போனைத் திறந்து தேடவும் முடியாது. சீட்டுக்குப் பாட்டரி வேண்டாம். செயலியை வைத்து நீங்களே சீட்டு எழுதுவதானால் வாக்கியங்களைச் சின்னதாக வையுங்கள். வந்த ஜப்பானியத்தை மறுபடி இங்கிலீஷில் திருப்பிப் பாருங்கள். பிறகு அந்தப் பாஷை தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

மருந்துப் பெட்டி

இங்கே சர்க்கார் பாஷையில் பேசியே ஆகவேண்டும். ஜப்பானில் மருந்து விஷயத்தில் கண்டிப்பு அதிகம். டாக்டர் சீட்டின்பேரில் வாங்கிய மருந்தைச் சொந்த உபயோகத்துக்கு ஒரு மாசத்துக்குள் எடுத்துக்கொண்டு போகலாம். அதற்கு மேல் என்றால் அவர்களுடைய சுகாதார அமைச்சகத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதிச் சான்று வாங்கவேண்டும். சூடோஎஃபெட்ரின் பத்து சதவிகிதத்துக்குமேல் உள்ள ஜலதோஷ மாத்திரை கூடவே கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்திலும் கட்டுப்பாடு உண்டு. நமக்கு அது அலமாரியில் கிடக்கும் சாதாரண மருந்து. தெரியாது என்றால் அங்கே செல்லாது. புறப்படுமுன் ஒவ்வொரு மருந்தின் பெயரையும் விதிமுறையோடு ஒத்துப் பாருங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய்கறி இவற்றையும் தாவர ஆய்வுச் சான்றிதழ் இல்லாமல் விடமாட்டார்கள். பொடி வகைகளோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

எழுத்தும் பத்து வார்த்தையும்

நான் சீட்டோடு நிற்கவில்லை. அகமதாபாத்தின் பத்து இலக்கம் ஞாபகம் வந்தது. ஜப்பானிய எழுத்து மூன்று வகை. சீனத்திலிருந்து வந்த சித்திர எழுத்து ஒன்று. பொது உபயோகத்துக்கென்று அரசாங்கம் பட்டியலிட்டவை மட்டும் 2,136. அதை நான் தொடவில்லை. மற்ற இரண்டும் நம் எழுத்துப்போல் ஒலிக்கு ஒன்று. அவற்றில் கதகானா என்பதை வெளிநாட்டு வார்த்தைகளுக்கு எழுதுவார்கள். அடிப்படை எழுத்து 46. தினம் மூன்று என்று பதினாறு நாளில் முடித்தேன். இந்த 46 தெரிந்தால் கோஹி, பசு, ஹோதேரு, தோயிரே என்பவற்றைப் படித்துவிடலாம். காபி, பஸ், ஹோட்டல், டாய்லெட் என்பவைதாம் அவை. இங்கிலீஷ் தெரிந்தவனுக்கு எழுத்துதான் தடை, வார்த்தை ஏற்கெனவே நம்முடையது.

படிக்க உட்கார்ந்தபோது ஒரு ஆச்சரியம். அவர்கள் அரிச்சுவடியின் வரிசை அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் வரிசைதானே? சமஸ்கிருத மந்திரங்களை எழுதுவதற்கான சித்தம் என்ற லிபியைப் பௌத்த பிக்ஷுக்கள் படித்ததிலிருந்து வந்த வரிசை அது. இன்றும் அங்கே கோயில்களிலும் கல்லறைகளிலும் அந்த லிபியைப் பார்க்கலாம்.

வாக்கிய அமைப்பும் நமக்குச் சௌகரியம். "எகி வா தோகோ தேசு கா?" என்றால் "ஸ்டேஷன் எங்கே இருக்கிறது?" வினைச்சொல் கடைசியில், கேள்விக்குறியான 'கா' அதற்கும் பின்னால், நம் 'ஆ' மாதிரி. தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் எழுதியிருக்கிறார். மொழியியல் அறிஞர்கள் பொதுவாக அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. தமிழ் வரிசையிலேயே வார்த்தையை வைத்தால் அவர்களுக்குப் பெரும்பாலும் புரிகிறது என்பது மட்டும் என் அனுபவம்.

வாயால் சொல்லப் பத்து வார்த்தை போதும். சுமிமாசென் என்றால் "மன்னிக்கணும், கொஞ்சம் பாருங்கோ". அரிகாதோ கோசைமாசு, வந்தனம். கோரே, இது. தோகோ, எங்கே. எகி, ஸ்டேஷன். தோயிரே உங்களுக்கே தெரியும். மிசு, தண்ணீர். இக்குரா, என்ன விலை. வகாரிமாசென், புரியவில்லை. தசுகேதே, காப்பாற்றுங்கள். போலீசுக்கு 110, ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 119. என் மனைவி இந்தப் பத்தையும் அடுக்களையில் சமையல் முடிவதற்குள் சொல்லிவிடுவாள். என்னைவிட உச்சரிப்பு நன்றாக இருந்தது.

உமேதாவில் கதவு மூடியது

இரண்டாவது பயணத்தில் பத்தாம் நாள். ஓசாகாவில் உமேதா என்ற பெரிய சுரங்க ரயில் நிலையம். நம் ஊர்த் திருவிழாக் கூட்டம் தினமும் இருக்கும். ஆபீஸ் விடும் நேரம். என் மனைவி வண்டியில் ஏறிவிட்டாள். எனக்கும் அவளுக்கும் நடுவே நாலு பேர். கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம். வண்டி போய்விட்டது.

2014ஆக இருந்திருந்தால் நான் அந்தப் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருப்பேன். இந்தத் தடவை ஊரை விட்டுக் கிளம்புமுன்பே ஒரு ஒப்பந்தம் செய்திருந்தோம். பிரிந்துபோனால் வண்டிக்குள் இருப்பவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நிற்பது. வெளியே இருப்பவர் அடுத்த வண்டியில் வருவது. யாரும் யாரையும் தேடி நடக்கக்கூடாது. அங்கே ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் உண்டு. அந்த மிதோசுஜி லைனில் உமேதா எம்-16, அடுத்தது எம்-17. பெயரைப் படிக்கவேண்டாம், எண்ணைப் பார்த்தால் போதும்.

அடுத்த வண்டி வர நாலைந்து நிமிஷம்தான் ஆகியிருக்கும். என் ஆயுளில் அவ்வளவு நீளமான நாலைந்து நிமிஷத்தை நான் பார்த்ததில்லை. எம்-17ல் இறங்கினேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தொப்பி போட்ட ஸ்டேஷன் ஊழியர் ஒருவர் இரண்டாவது சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் பெண்ணோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனை மூடாமலே குனிந்து வணங்கினார். நானும் வணங்கினேன். அவர் மறுபடி வணங்கினார்.

"பயந்துட்டியா?" என்று கேட்டேன்.

"நான் எதுக்குப் பயப்படணும்? சுமிமாசென்னு சொல்லிச் சீட்டைக் குடுத்தேன். உக்காருங்கோன்னு கை காட்டினார். நீங்க ஏன் இப்படி வேர்த்து விறுவிறுத்து வரேள்? சர்க்கரை வில்லை வேணுமா?" என்றாள்.

எங்கள் கல்யாணமான இத்தனை வருஷத்தில் வெளியூர்ப் பிரயாணம் என்றால் அவள் எனக்கு இரண்டடி பின்னால் நடந்தே பழக்கம். நான் கேட்பேன், நான் பேசுவேன், நான் டிக்கெட் வாங்குவேன். அது அவளுக்கு நான் செய்யும் சௌகரியம் என்று நினைத்திருந்தேன். அவளை ஊமையாக வைத்திருந்தேன் என்பது அந்தப் பெஞ்சில்தான் எனக்கு உறைத்தது.

அந்த வாரமே நாரா என்ற ஊருக்குப் போனோம். தோதாய்ஜி கோயிலில் சுமார் 15 மீட்டர் உயர வெண்கலப் புத்தர். 752ஆம் ஆண்டு அந்தப் புத்தருக்குக் கண் திறந்துவைத்தவர் போதிசேனர் என்ற தென்னிந்திய பிக்ஷு. பிராமண குலத்தில் பிறந்தவர் என்பதால் ஜப்பானியர் அவரை இன்றும் 'பாராமோன் சோஜோ', பிராமண ஆச்சாரியர் என்றே குறிப்பிடுகிறார்கள். 736ல் சீனா வழியாக ஜப்பானுக்கு வந்து, அங்கேயே இருந்து, அங்கேயே காலமானார். அவர் கண் திறந்த தூரிகை நாராவின் பழைய அரும்பொருள் பண்டசாலையில் இருக்கிறது. அந்தத் தூரிகையில் கட்டிய நீண்ட கயிற்றைக் கூடியிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்பது வரலாறு. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேரோடு அவருக்கு நேராகப் பேசத் தெரிந்திருக்குமோ தெரியாதோ, கயிறு எல்லார் கையிலும் இருந்தது.

ஜெர்மனிக்குப் போகும் நண்பருக்கு முடிவாகச் சொல்கிறேன். அங்கே எழுத்து உமக்குத் தெரிந்த எழுத்துதான், அந்தக் கவலை இல்லை. அவசரத்துக்கு ஐரோப்பா முழுவதும் 112. மருந்து விதியை அந்த நாட்டுத் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளும். மற்றபடி அதே நான்கு சீட்டு. இரண்டு பிரதி. பிரிந்தால் என்ன செய்வது என்று ஒரு ஒப்பந்தம். ஒரு மணி நேரம் மௌன ஒத்திகை. போகுமுன் ஒருநாள் மாமியைத் தனியாக டவுன் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிப் பாரும். அவர் திரும்பி வந்தால் நீர் ஜெர்மனிக்குத் தயார்.

அந்த ஓசாகாப் பாட்டியை இரண்டாவது தடவை போனபோது அதே சந்தில் தேடினோம். அகப்படவில்லை. இப்போது என் மனைவி எங்கே போனாலும் கைப்பையில் ஒரு பிடி மிட்டாய் வைத்திருக்கிறாள். இங்கே நம் ஸ்டேஷனிலும் போர்டு படிக்கத் தெரியாமல் யாராவது வந்து இறங்கத்தானே செய்கிறார்கள்?

பத்து நிமிஷம் தாண்டி வெகு நேரமாகிவிட்டது.